ஏற்காட்டு வீடு: முன்பணம் கொடுக்கும் முன்

ஏற்காட்டில் காபித் தோட்டத்தோடு பழைய வீடு ஒன்று அமைந்திருக்கிறது, பங்குனிக்குள் முன்பணம் போடச் சொல்லித் தரகர் அவசரப்படுத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது கொடுக்காதீர்கள். பட்டா இருந்தால் போதும் என்று அவர் சொல்வது சரியில்லை. 30 வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், அதோடு அ-பதிவேட்டில், அதாவது கிராமத்தின் நிலக் கணக்குப் பதிவேட்டில், நிலம் எந்த வகை என்பதையும் பாருங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மலையாளி என்ற பழங்குடியினருக்கு அரசு ஒப்படைத்த நிலங்களும் இருக்கின்றன, நிபந்தனைப் பட்டா (விற்கக் கட்டுப்பாடு போட்டுக் கொடுத்த பட்டா) என்றால் பத்திரம் பதிந்தாலும் பிறகு வம்புதான். கட்டட வரைபட அனுமதியையும் கேட்டு வாங்குங்கள், மலைப்பகுதிக்கு விதிகள் தனி.

தண்ணீர் பார்க்க மட்டும் இதைவிட நல்ல மாதம் கிடையாது. பங்குனி, சித்திரையில் கிணறு என்ன காட்டுகிறதோ அதுதான் உண்மை. மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, திரும்ப ஊறி ஏற எவ்வளவு நேரமாகிறது என்று நின்று பாருங்கள். அப்புறம் சுவர். அடிப்பகுதியில் மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் நகத்தால் சுரண்டுங்கள், உள்ளே கருத்திருந்தால் மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிற சுவர் அது, விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

வெளிச்சம் வேண்டும் என்று சில்வர் ஓக் மரங்களில் கை வைக்காதீர்கள், காபிக்கு நிழலே அதுதான், வெட்டுவதற்கு அனுமதியும் வேண்டும். கோடை மழை விழுந்து பத்து நாளுக்குள் காபி பூத்துவிடும், அந்தச் சமயத்தில் கவாத்து, அதாவது கிளை வெட்டிச் சீர்படுத்துவது, வேண்டாம். புதுக் கன்றுகளை ஆனி மழைக்கு வைத்துக்கொள்ளலாம்; அதுவரை சருகைக் கூட்டி எரிக்காமல் செடியடியிலேயே பரப்பி விடுங்கள்.