பூ நிறைய, பிஞ்சு நிற்கவில்லை

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு பெரிய பைகளில் தர்பூசணி வைத்திருக்கிறேன். விதை, கடையில் வாங்கிய பழத்திலிருந்து எடுத்தது. கொடி நன்றாக ஓடுகிறது, பூவும் ஏராளம். ஆனால் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. நெல்லிக்காய் அளவு வருவதற்குள் மஞ்சளாகிச் சூம்பி உதிர்ந்துவிடுகிறது. வாரந்தோறும் மீன் அமிலம் ஊற்றுகிறேன். பூச்சி அண்டாமல் இருக்க ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கிறேன். இன்னும் என்ன சத்துக் கொடுக்க வேண்டும்? கடைப் பழத்தில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பயத்தில்தான் வளர்க்கவே ஆரம்பித்தேன்.

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள அம்மா,

சத்துக் கொடுத்தது போதும். உங்கள் கொடிக்குக் குறை சாப்பாட்டில் இல்லை.

உதிர்ந்த பிஞ்சு ஒன்றை எடுத்து நெடுக வெட்டிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை; தோலில் ஈ குத்திய புள்ளியும் அதில் கசிந்து உறைந்த பிசினும் தெரியும். புழு இல்லாமல் வெறுமனே சூம்பியிருந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது.

தர்பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. இரண்டும் ஒரே கொடியில்தான். முதலில் வருபவை எல்லாம் ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும், அதற்கு யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. சில நாள் கழித்தே பெண் பூ தலைகாட்டும், அதுவும் எண்ணிக்கையில் குறைவாக. ஆண் பூவின் காம்பு மெலிந்து வெறுமையாக இருக்கும். பெண் பூவின் இதழ்களுக்குக் கீழே மென்மயிர் போர்த்திய பச்சை உருண்டை ஒன்று இருக்கும். நீங்கள் பிஞ்சு என்று நம்பிக்கொண்டிருப்பது இதைத்தான். காய் பிடித்துவிட்டதற்கு அது அடையாளம் அல்ல. பூவோடு சேர்ந்தே பிறக்கும் சூல்பை அது. மகரந்தம் சேர்ந்தால் பருக்கும், சேராவிட்டால் சில நாளில் மஞ்சளாகிவிடும்.

இந்தப் பூவுக்கு ஆயுள் ஒரே நாள். சூரியன் கிளம்பும்போது விரிந்து, மதியத்துக்குமேல் மூடிக்கொள்ளும். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீதான் கொண்டுவர வேண்டும், அதுவும் ஒரு தடவை வந்தால் போதாது. பெண் பூவின் நடுவே உள்ள சூல்முடி மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மூன்றிலும் நிறையத் தூள் ஒட்டினால்தான் காய் ஒழுங்காக உருளும். குறைந்தால் ஒருபக்கம் கோணிக்கொள்ளும்.

நீங்களோ சரியாக அந்தக் காலை நேரத்தில் வேப்பெண்ணெய் தெளிக்கிறீர்கள்! பூ நனைகிறது, தேனீயும் விலகிப்போகிறது. தெளித்தே ஆக வேண்டுமென்றால் பூ மூடிய பிறகு, அந்தி நேரத்தில் தெளியுங்கள். பூச்சியே கண்ணில் படாதபோது தெளிப்பதால் என்ன லாபம் என்றும் யோசியுங்கள். மீன் அமிலத்தில் தழைச்சத்து அதிகம். அது மிஞ்சினால் கொடி இலையாகவே ஓடும், பெண் பூ குறையும். அதை நிறுத்திவிட்டு மண்புழு உரத்தோடு கொஞ்சம் அடுப்புச் சாம்பல் போடுங்கள். பெண் பூ கூடுவதற்கு வயல்களில் எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கி மருந்தைத் தெளிப்பதுண்டு. இரண்டு பைக்கு அது வேண்டாத வேலை.

மாடிக்குத் தேனீ வராவிட்டால் நீங்களே தேனீயாக வேண்டியதுதான். காலை ஏழு மணிவாக்கில், அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளுங்கள். இதழ்களைப் பின்னால் மடக்கிவிட்டால் நடுவில் மஞ்சள் தூள் நிற்கும். அதைப் பெண் பூவின் மூன்று மடல்களிலும் மெல்ல ஒற்றுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு மூன்று ஆண் பூவைச் செலவழிக்கலாம், கஞ்சத்தனம் வேண்டாம். ஒற்றிய பூவின் காம்பருகே ஒரு நூலைக் கட்டி, தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பிறகு உதவும்.

காய் பிடித்து எலுமிச்சை அளவு தாண்டியதும் பழ ஈ வரும் முன் ஒரு மெல்லிய துணிப்பையை மாட்டிவிடுங்கள். கொடி வளரும் ஒரு மண்பைக்கு ஒரு காய் போதும், மற்றதைக் கிள்ளிவிடுங்கள். எனக்குத் தெரிந்து மாடித்தோட்டக்காரர்களுக்கு இந்த இடத்தில்தான் மனது வராது. ஆனால் அந்தச் சின்னப் பையில் உள்ள வேர் நான்கு பழத்துக்கு இனிப்புச் சேர்க்காது. தண்ணீரை ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றாதீர்கள். காய் வெடிப்பதும் அடிமுனை கறுத்து அழுகுவதும் பெரும்பாலும் அப்படித்தான்.

பூ ஒற்றிய நாளிலிருந்து முப்பது, முப்பத்தைந்து நாள் ஆனதும் பழத்தைப் பாருங்கள். தட்டிச் சத்தம் கேட்பது பழகிய காதுக்குத்தான் சரிப்படும். பழக்காம்பை ஒட்டிய பற்றுக்கம்பி, அதாவது கொடி பற்றிக்கொள்ளும் சுருள் இழை, காய்ந்து பழுப்பாகியிருக்கிறதா, தரையில் படிந்த பக்கம் வெள்ளை மாறி வெண்ணெய் மஞ்சளாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அறுக்கலாம். அவசரப்பட்டுப் பறித்தால் வீட்டில் வைத்து இனிக்கவைக்க முடியாது.

சாயத்துக்கு வருகிறேன். 2025 கோடையில் இந்தப் பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவி, விலை சரிந்து, பழத்தை விற்க முடியாமல் விவசாயிகள் தவித்தார்கள். தர்பூசணியின் சிவப்பு லைகோபீன். தக்காளியில் இருப்பதும் அதே நிறமிதான். ஊசி போட்டால் சாயம் குத்திய இடத்தைச் சுற்றித்தான் நிற்கும், பழம் முழுக்கச் சீராகப் பரவாது; துளை வழியே பழம் சீக்கிரம் அழுகவும் செய்யும். வியாபாரி எதற்காக இப்படி நட்டத்தைத் தேடிக்கொள்ளப் போகிறார்? வளர்ப்பதற்கு ஆசை ஒன்றே போதும், பயம் எதற்கு?

கடைப் பழங்களில் பெரும்பாலானவை வீரிய ஒட்டு ரகங்கள். அந்த விதையில் தாய்ப்பழத்தின் குணம் அப்படியே வராது. இப்போது இருக்கும் கொடியைப் பிடுங்க வேண்டாம், வருவது வரட்டும். அடுத்த மார்கழி, தை வாக்கில் சுகர் பேபி என்ற, ஒட்டு அல்லாத ரகத்தின் விதை வாங்கி நேரடியாகப் பையிலேயே ஊன்றுங்கள். நாற்றைப் பிடுங்கி நட்டால் வேர் நொந்துகொள்ளும். மூன்று, நான்கு கிலோ பழம், பைக்கும் தாங்கும். பக்கத்தில் வேறு ரகம் இல்லையென்றால் அதிலிருந்து விதை எடுத்தும் வைக்கலாம்.