இசை கேள்வி பதில்: ஏரி மேல் எழுந்த புகை

கேள்வி: பிரிட்டிஷ் ராக் இசைக்குழு டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ('தண்ணீர் மேல் புகை') பாட்டில் வரும் தீ விபத்து உண்மையா?

பதில்: உண்மைதான், வரிக்கு வரி நடந்தது. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மாண்ட்ரூ நகரம். அங்கிருந்த கசினோவில் ஆல்பம் பதிவு செய்வதற்காக, ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு டீப் பர்ப்பிள் வந்திருந்தது. அதற்கு முன் அங்கே ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ ஃப்ளேர் துப்பாக்கியால் (எரியும் வெளிச்சக் குண்டைச் சுடுவது) கூரையைப் பார்த்துச் சுட, கட்டடமே எரிந்து போனது. யாரும் சாகவில்லை. உள்ளே ஓடி இளைஞர்களை வெளியே இழுத்து வந்த, மாண்ட்ரூ ஜாஸ் விழாவை நடத்திய கிளாட் நோப்ஸ்தான் பாட்டில் வரும் 'ஃபங்கி கிளாட்'. ஏரி மேல் புகை படர்ந்ததை இசைக்குழுவினர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சில நாள் கழித்து பேஸ் கிதார் கலைஞர் ரோஜர் குளோவர் தூங்கி எழும்போது தலைப்பு அவர் வாயில் இருந்தது.

பாட்டு வரிகள் எழுதப்படும் முன்பே, தீ விபத்துக்குப் பிறகு, இசை பதிவாகிவிட்டது. பெவிலியன் என்ற அரங்கில் இரவில் வாசித்துக்கொண்டிருந்தபோது சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்ட, பதிவு முடியும்வரை உதவியாளர்கள் கதவைத் திறக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். ஆல்பத்தின் மிச்சம், குளிர்காலத்துக்காக மூடியிருந்த ஒரு ஹோட்டலின் தாழ்வாரத்தில் பதிவானது.

கேள்வி: கிதார் பழகுகிற எல்லோரும் முதலில் வாசிக்கிற ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) இந்தப் பாட்டின் தொடக்கம்தான். இவ்வளவு சுலபமான ஒன்றை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: சுலபம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கம்பியில் வாசிக்கிறார்கள், அதனால்தான் சப்பென்று இருக்கிறது. இசைக்குழுவின் கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரலால், இரண்டு கம்பிகளை ஒரே சமயத்தில் மீட்டுகிறார். அப்புறம் ஆர்கன் கலைஞர் ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் (கிதாருக்கான ஒலிபெருக்கி) வழியாக விட்டு அதே ரிஃபை இரட்டிக்கிறார். அந்த கனம் இரண்டு பேர் சேர்ந்து கொடுத்தது. ஒருமுறை கேட்டாலே மனதில் ஒட்டுகிற நான்கே சுரத்தை இவ்வளவு அழுத்தமாக நிறுத்துவது சாதாரண வேலை இல்லை, என்னைக் கேட்டால் ராக் இசையில் இதற்கு இணையான தொடக்கம் ரொம்பக் குறைவு.

இதில் என்ன விசேஷம் என்றால், 1972-ல் இந்தப் பாட்டு இடம்பெற்ற 'மெஷின் ஹெட்' ஆல்பம் வந்தபோது இசைக்குழு சிங்கிளாக (தனிப்பாட்டு வெளியீடாக) தேர்ந்தெடுத்தது 'நெவர் பிஃபோர்' என்ற வேறு பாட்டை! 'ஸ்மோக்' 1973-ல்தான் சிங்கிளாக வந்து அமெரிக்கப் பட்டியலில் 4-ம் இடம் வரை போனது. 1972 ஆகஸ்டில் ஜப்பானில் பதிவான நேரடிக் கச்சேரி வடிவத்தையும் அவசியம் கேளுங்கள், முடிவில் கிதாரும் ஆர்கனும் மாறி மாறிப் பேசிக்கொள்வது ஸ்டூடியோ பதிவில் கிடைக்காது.