ரிலே மாடலை நாமே எழுதலாம்

கேள்வி: எங்கள் தோட்டத்து போர்வெல் மோட்டார், மும்முனை கரண்ட் வந்ததும் தானாக ஓடுவதற்கு ஒரு சர்க்யூட் போடுகிறேன். பிசி547 டிரான்சிஸ்டர், அது இழுக்கும் 12 வோல்ட் ரிலே (காயிலில் கரண்ட் ஓடினால் காண்டாக்டை மூடும் ஸ்விட்ச்), அங்கிருந்து ஸ்டார்ட்டர். கணினியிலேயே சர்க்யூட்டைச் சோதிக்கும் எல்டிஸ்பைஸ் மென்பொருளில் ஓட்டிப் பார்க்க இணையத்தில் ஒரு ரிலே மாடல் (ரிலே எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் ஃபைல்) எடுத்துப் போட்டேன். டிரான்சிஸ்டர் ஆஃப் ஆனாலும் காண்டாக்ட் மூடியே இருக்கிறது. எங்கே தப்பு?
– பாலிடெக்னிக் மாணவர், பாலக்கோடு

பதில்: தம்பி, அந்த மாடல் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். காண்டாக்ட் திறந்திருக்கும்போதுள்ள ரெசிஸ்டன்ஸுக்கு 100 என்று எழுதிப் பக்கத்தில் வெறும் 'எம்' போட்டிருந்தால் கோளாறு அங்கேதான். எல்டிஸ்பைஸ் போன்ற ஸ்பைஸ் மென்பொருளில் பெரிய எழுத்தானாலும் சின்ன எழுத்தானாலும் எம் என்றால் மில்லி. மெகாவுக்கு 'எம்இஜி' என்று மூன்று எழுத்தும் வேண்டும். 100 மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 0.1 ஓம் உட்கார்ந்திருந்தால் காண்டாக்ட் எப்படித் திறக்கும்?

ஆனால் அதைத் திருத்துவதோடு விடாதீர்கள், மாடலை நீங்களே எழுதுங்கள், மொத்தமே ஐந்தாறு வரிதான், யாரோ எழுதியதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவதைவிட இது சுலபம். கடையில் கிடைக்கும் சின்ன நீல நிற 12 வோல்ட் ரிலேயின் டேட்டாஷீட்டில் காயில் 400 ஓம் என்று இருக்கும், அதாவது 30 மில்லிஆம்பியர். இழுப்பதற்கு 75 சதவீதம், அதாவது 9 வோல்ட். விடுவதற்கு 10 சதவீதம், 1.2 வோல்ட். காயிலை ஒரு ரெசிஸ்டர், அதோடு தொடரில் ஒரு இண்டக்டர் என்று வையுங்கள், காண்டாக்டுக்கு வோல்டேஜ் ஸ்விட்ச். ஸ்விட்சின் த்ரெஷோல்ட் (நடு வோல்டேஜ்) 5.1, ஹிஸ்டெரிசிஸ் (அதிலிருந்து மேலும் கீழும் விடும் இடைவெளி) 3.9 என்று கொடுத்தால் இரண்டையும் கூட்டி 9-ல் மூடும், கழித்து 1.2-ல் திறக்கும்.

இதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஸ்விட்சை முழு காயிலின் வோல்டேஜுக்குக் கட்டிவிடுகிறார்கள். டிரான்சிஸ்டர் ஆஃப் ஆன நொடியே அந்த வோல்டேஜ் தலைகீழாகிவிடும், காண்டாக்டும் அப்போதே திறந்ததாகக் காட்டும். நிஜத்தில் காயிலின் குறுக்கே போட்ட 1என்4007 டயோடு வழியாகக் கரண்ட் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், காண்டாக்டை நகர்த்தும் இரும்புத் தகடான ஆர்மெச்சரைப் பிடித்திருப்பது அந்தக் கரண்ட்தான். அதனால் உள்ளே இருக்கும் 400 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே உள்ள வோல்டேஜை மட்டும் ஸ்விட்சுக்குக் கொடுங்கள், அது கரண்டோடு சேர்ந்து ஏறி இறங்கும். இண்டக்டன்ஸ் பெரும்பாலும் டேட்டாஷீட்டில் இருக்காது, உங்கள் லேபில் எல்சிஆர் மீட்டர் இருந்தால் அளந்துகொள்ளுங்கள். 0.4 ஹென்றி என்று வைத்தால் கரண்ட் 3 மில்லிஆம்பியருக்கு இறங்க 2 மில்லிசெகண்ட் போல ஆவதைத் திரையிலேயே பார்க்கலாம். ஆர்மெச்சர் நகரும் நேரம் இதில் சேராது, உங்கள் வேலைக்கு அது தேவையும் இல்லை.

எழுதியதும் நேரே பெரிய சர்க்யூட்டில் சொருகாதீர்கள். 0-விலிருந்து 12 வோல்ட் வரை மெதுவாக ஏறி இறங்கும் ஒரு சோர்ஸை மட்டும் இணைத்து, 9-ல் மூடி 1.2-ல் திறக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இன்னொன்று, டயோடை எடுத்துவிட்டும் ஒருமுறை ஓட்டுங்கள். டிரான்சிஸ்டரின் கலெக்டரில் வோல்டேஜ் எங்கோ போய் நிற்கும், சிமுலேஷனும் அமைதியாக ஓடும். பிசி547 தாங்குவது 45 வோல்ட்தான், ஆனால் வழக்கமான டிரான்சிஸ்டர் மாடலில் அந்த எல்லை எழுதப்பட்டிருக்காது. திரையில் பாஸான சர்க்யூட் போர்டில் டிரான்சிஸ்டரைக் கொல்வது இப்படித்தான்.

கேள்வி: ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) மாடல் ஒன்றை என் சிம்பலோடு இணைத்தேன். எரர் எதுவும் வரவில்லை, அவுட்புட் மட்டும் சம்பந்தமில்லாமல் இருக்கிறது.
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பின் வரிசையைப் பாருங்கள். ஐசியின் கால் எண்ணை ஸ்பைஸ் பார்ப்பதில்லை, சப்சர்க்யூட்டின் (மாடல் ஃபைலில் உள்ள சர்க்யூட் விவரம்) முதல் வரியில் பெயர்கள் எந்த வரிசையில் உள்ளனவோ அதுதான் கணக்கு. 741 ஆப்-ஆம்பில் 2-வது கால் இன்வெர்ட்டிங், 3-வது நான்-இன்வெர்ட்டிங். பல மாடல்களில் நான்-இன்வெர்ட்டிங்தான் முதலில் வரும், பிறகு இன்வெர்ட்டிங், பாசிட்டிவ் சப்ளை, நெகட்டிவ் சப்ளை, கடைசியில் அவுட்புட். கால் எண்ணையே சிம்பலில் கொடுத்திருந்தால் இன்புட் இரண்டும் இடம் மாறிவிடும், சப்ளையும் குழம்பும், மென்பொருளுக்கு அது தப்பாகவே தெரியாது. சிம்பல் எடிட்டரில் ஒவ்வொரு பின்னின் நெட்லிஸ்ட் (இணைப்புப் பட்டியல்) வரிசை எண்ணையும் அந்த முதல் வரியோடு ஒப்பிட்டு மாற்றுங்கள்.