பேக்கப்: பச்சை டிக்கை நம்பி கார்டை அழிக்காதீர்கள்

கே: 40 ஜிபி கல்யாண வீடியோ. கூகுள் டிரைவில் ஏற்றும்போது நெட் இரண்டு முறை அறுந்தது. கடைசியில் பச்சை டிக் வந்துவிட்டது. கேமராவின் மெமரி கார்டை ஃபார்மேட் செய்யலாமா?

ப: கூடாது. டிரைவ் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 வைத்திருக்கிறது; உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை மாதிரி, இதைத்தான் ஹேஷ் என்பார்கள். ஆர்க்ளோன் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியில் ‘செக்’ ஓட்டினால் உங்கள் கார்டில் உள்ளதோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும், திரும்ப இறக்க வேண்டியதில்லை. அதன் பிறகு கார்டைத் தொடுங்கள்.

கே: பேக்கப் எர்ரர் வருகிறது. என்ன செய்ய?

ப: என்ன எர்ரர்? எந்த மென்பொருள்? லாக்கை (மென்பொருள் எழுதிவைக்கும் பதிவை) அனுப்பாமல் கேட்டால் சோழி உருட்டித்தான் பார்க்கவேண்டும்.

கே: அமேசானின் எஸ்3 சேமிப்பில் கோப்புக்கு அடையாளமாக உள்ள ஈடேக் என் எம்டி5-உடன் ஒத்துப்போகவில்லை. கோப்பு கெட்டுவிட்டதா?

ப: ஈடேக்கின் கடைசியில் ஒரு சின்னக் கோடும் எண்ணும் இருந்தால் அது மல்டிபார்ட், அதாவது கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றியது. துண்டுகளின் எம்டி5-களை ஒட்டி, அதற்கு மறுபடி எம்டி5 எடுத்தது. முழுக் கோப்போடு ஒப்பிட்டால் ஒத்துவராது. பாதியில் நின்ற துண்டுகள் பக்கெட்டில் (எஸ்3-இல் உங்கள் சேமிப்பிடம்) கிடந்தால் அதற்கும் பில் ஏறும். லைஃப்சைக்கிள் ரூல் (தானாக அழிக்கும் விதி) போட்டு ஒரு வாரத்தில் கழித்துவிடுங்கள்.

கே: ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளின் ‘செக்’ பிழையில்லை என்கிறது. போதுமா?

ப: போதாது. வெறும் செக் கட்டமைப்பைத்தான் பார்க்கும். ‘ரீட்-டேட்டா’ சேர்த்தால்தான் உள்ளிருப்பதைப் படிக்கும். இறக்கும் செலவு உதைத்தால் இந்த வாரம் பத்தில் முதல் பங்கு, அடுத்த வாரம் இரண்டாவது என்று பிரித்து ஓட்டுங்கள்.

கே: எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் 3 வருஷமாக பேக்கப் தினமும் ஓடுகிறது. ஒரு எர்ரர் மெயில்கூட வந்ததில்லை. இதற்கு மேல் சோதனை எதற்கு?

ப: மெயில் வராததா உங்கள் அத்தாட்சி? 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். எஸ்3-இல் பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால் பக்கெட் காலி. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், பேக்கப் எடுத்த கருவி 9.2 வெர்ஷன், ஒத்துவராமல் எடுக்கும்போதெல்லாம் தோற்றிருக்கிறது. எர்ரர் மெயிலும் போயிருக்கிறது, கையொப்பம் இல்லையென்று மெயில் சர்வர் தள்ளிவிட்டது! வேறு வேலைக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) கிடைத்ததால் இழப்பு சுமார் 6 மணி நேரத்தோடு போயிற்று.

நானே ஓர் ஆபீஸில் பார்த்தேன்: கணக்குக் கோப்பு நான்கு மாதமாக 0 பைட்டாகவே ஏறியிருந்தது. ஹேஷ் கச்சிதமாக ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் என்ன செய்யும், இங்கேயும் காலி, அங்கேயும் காலி. அதனால் மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை வேறு கம்ப்யூட்டரில் மீட்டு, மென்பொருளில் திறந்து, கடைசி என்ட்ரியைக் கண்ணால் பாருங்கள். பத்து நிமிஷ வேலை.

கே: கூகுள் போட்டோஸிலிருந்து இறக்கிய படத்தின் ஹேஷ் மாறியிருக்கிறது.

ப: ‘ஸ்டோரேஜ் சேவர்’ வைத்திருப்பீர்கள். அது சுருக்கிய நகல், உங்கள் அசல் அல்ல. கார்டை இன்னும் அழிக்கவில்லைதானே?