படத்தை யாருக்காக வரையச் சொல்றீங்க?

அன்புள்ள அக்கா,

நான் உளவியல் முதுகலை படிக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து ஒரு தன்னார்வக் குழு நடத்துறோம். எங்க நிலநடுக்கம் வந்தாலும் முதல் வாரத்துலயே போய் பிள்ளைங்களுக்கு மூணு நாள் ஓவிய முகாம் நடத்த ஒரு திட்டம் தயார் பண்ணிட்டு இருக்கோம். முதல் நாள் நடந்ததை வரையறது, ரெண்டாம் நாள் பயத்தை வரையறது, மூணாம் நாள் நம்பிக்கையை வரையறது. கடைசில படங்களை எங்க காலேஜ்ல கண்காட்சியா வச்சு, வர்ற பணத்தை அந்தப் பிள்ளைங்களுக்கே அனுப்பலாம்னு எண்ணம். மூணு சந்தேகம். ஓவியம், இசை, நாடகம், இதுல எது அதிகமா பலன் தரும்? படத்துல இருக்குற நிறத்தை வச்சு பாதிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெரியவங்களுக்கும் ஏதாவது செய்யலாமா?

(பெயர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால எடுத்துட்டேன்.)

தம்பி,

உங்க கடிதம் வந்த நேரத்துல நானும் இதே விஷயத்தைத்தான் மனசுல போட்டு உருட்டிட்டு இருந்தேன். ஒரு நிவாரண அமைப்போட பழைய அறிக்கை கைக்கு வந்துச்சு, அட்டைல ஒரு பிள்ளை வரைஞ்ச இடிஞ்ச வீடு, கீழ பேரு, வயசு, ஊரு, வீட்டுல யார் யார் செத்தாங்கங்கிற விவரம் வரைக்கும் போட்டிருக்கு. அந்தப் பிள்ளை இப்போ வளர்ந்து ஆளாகி எங்கயோ வேலை பாத்துட்டு இருக்கும். அது தன் பேரைத் தேடும்போது முதல்ல இந்தப் பக்கம் வந்து நின்னா எப்படி இருக்கும்னு யோசிச்சிட்டே இருந்தேன்.

முதல்ல சட்டுனு முடிக்க வேண்டியதை முடிச்சிடறேன். ஓவியமா இசையாங்கிற கேள்விக்கு பதிலே தேவையில்ல, அந்த ஊர்ப் பிள்ளைங்க ஏற்கனவே எதைச் செஞ்சிட்டு இருந்தாங்களோ அதுதான். நிறத்தைப் பாத்து பாதிப்பைக் கண்டுபிடிக்கிறதை இன்னைக்கோட விட்டுடுங்க. கறுப்புல வரைஞ்சா சோகம், சிவப்புல வரைஞ்சா கோபம்னு சொல்றதுக்கு ஆதாரம் கிடையாது, நாப்பது பிள்ளைங்களுக்கு நடுவுல ஒரே ஒரு டப்பா கிரேயான் சுத்தி வரும்போது கடைசிப் பிள்ளை கைக்கு வந்தது கறுப்பா இருக்கும், அவ்வளவுதான். முதுகலை படிக்கிற நீங்க இதைக் கேக்கலாமா?

இப்போ விஷயத்துக்கு வரேன். 2001 குஜராத் நிலநடுக்கத்துக்கு அப்புறம் கட்ச்ல, பச்சாவ் பக்கத்துல ஒரு நிவாரண முகாம்ல கொஞ்ச காலம் வேலை பாத்தேன். ஜனவரி 26 காலைல 8:46க்கு வந்த 7.7 அளவு நடுக்கம் அது. வரிசையா டென்ட், குளிர் காத்து, ஊரு இருந்த இடத்துல கல்லு மேடு. அங்க வாரத்துக்கு ரெண்டு மூணு ஜீப் வரும், இறங்குறவங்க கைல பேப்பரும் கிரேயானும் இருக்கும், எல்லாருமே நல்ல மனுஷங்கதான். பிள்ளைங்களை வட்டமா உக்கார வச்சு அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதை வரைங்கன்னு சொல்லுவாங்க. எட்டு ஒன்பது வயசு இருக்கும் ஒரு பொண்ணு, பேப்பரை வாங்கினதும் நிமிந்து பாத்து இந்தில கேட்டா, "பூகம்பமா, இல்ல எங்க இஷ்டமா?"

பூகம்பம்னு பதில் வந்ததும் மளமளன்னு வரைஞ்சா. சாஞ்ச வீடு, சுவத்துல மின்னல் மாதிரி விரிசல், அடியில படுத்த மாதிரி ஒரு ஆளு, ஓரத்துல கண்ணீர் விடுற சூரியன். எத்தனையாவது தடவையோ, கை பாட்டுக்கு வரைஞ்சுது. வந்தவங்க ஒவ்வொருத்தரும் அதைப் பாத்து கண்ணு கலங்குனாங்க, முதுகைத் தட்டிக் குடுத்தாங்க, போட்டோ எடுத்தாங்க. அவ மீதி பேப்பரை இழுத்து வச்சுக்கிட்டு ஒரு ஒட்டகம் வரைய ஆரம்பிச்சா, கழுத்து மணி, முதுகுத் துணில தையல் வேலை, வாலுல குஞ்சம், ஒவ்வொண்ணா, நாக்கை ஓரமா நீட்டிக்கிட்டு, ஜீப் கிளம்புற வரைக்கும் வரைஞ்சா. வீட்டுப் படம் ஜீப்ல போச்சு. ஒட்டகத்தை ஒருத்தரும் கேக்கல.

அந்தப் பொண்ணு புரிஞ்சுக்கிட்டது எதுன்னா, எந்தப் படத்தைக் குடுத்தா பெரியவங்க கிட்ட வருவாங்கங்கிறது. அவளோட துக்கம் பொய்யின்னு சொல்லல தம்பி. அந்தத் துக்கத்துக்கு ஒரு வாடிக்கையாளர் வந்துட்டாருன்னு சொல்றேன். உங்க கண்காட்சி செய்யப் போறது அதைத்தான். நீங்க பணத்தை நேர்மையா அனுப்புவீங்க, சந்தேகமே இல்ல, ஆனா பணம் வரணும்னா சுவத்துல எந்தப் படம் தொங்கணும்னு நீங்கதான் பொறுக்குவீங்க, ஒட்டகத்தைப் பொறுக்க மாட்டீங்க. அடுத்த முகாமுக்குப் போகும்போது உங்களுக்கே தெரியாம உங்க கண்ணு இடிஞ்ச வீட்டைத் தேடும், பிள்ளைங்க உங்க கண்ணைப் படிக்கும், அவங்களுக்கு அதைப் படிக்க ஒரு நிமிஷம் போதும்.

சம்மதம் வாங்கிட்டோம்னு சொல்லுவீங்க. யாருகிட்ட? அம்மாவை இழந்த பிள்ளைகிட்டயா, தார்ப்பாய்க்கும் அரிசிக்கும் உங்களை மாதிரி ஆளுங்களை நம்பி நிக்கிற அப்பாகிட்டயா? அந்த நேரத்துல அவரால முடியாதுன்னு சொல்ல முடியுமா? 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஹைத்தி பிள்ளைங்க வரைஞ்ச படங்களை அதே வருஷம் வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்துல காட்சிக்கு வச்சாங்க, உலகமே பாத்துச்சு, உலகம் பாக்குறதுல ஒரு பலனும் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அது பாக்குறவங்களுக்கான வேலை. அதை வைத்தியம்னு பேர் மாத்தாதீங்க. வரையற நேரத்துல பிள்ளைக்குக் கிடைக்கிறது ஒண்ணு, தொங்கவிட்ட அப்புறம் நமக்குக் கிடைக்கிறது வேற, ரெண்டையும் ஒரே கணக்குல எழுதினா பிள்ளைதான் நஷ்டப்படும். படம் பிள்ளையோடது. வச்சுக்கலாம், கிழிக்கலாம், மடிச்சு டென்ட் ஓட்டையில சொருகலாம். நீங்க அதைக் கேக்கவே கூடாது. கேக்காம இருக்குறதுதான் உங்க முகாமோட முதல் விதியா இருக்கணும்.

நடந்ததைச் சொல்ல வச்சா மனசு லேசாயிடும்னு ஒரு நம்பிக்கை நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு. பேரிடர் முடிஞ்ச கையோட எல்லாரையும் உக்கார வச்சு ஒரே அமர்வுல நடந்ததை எல்லாம் கொட்ட வைக்கிற முறை ஒரு காலத்துல ரொம்பப் பிரபலம், ஆராய்ச்சிகளைச் சேர்த்து வச்சுப் பாத்தா பலன் தெரியல, சிலருக்குப் பாதிப்பு கூடவும் செஞ்சுது, உலக சுகாதார நிறுவனமே அதைச் செய்யாதீங்கன்னு சொல்லிடுச்சு. 2011ல அவங்க வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் பாருங்க, கேளுங்க, உதவியோட இணைச்சு விடுங்கன்னுதான் சொல்லுது, நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீங்கன்னும் தெளிவா இருக்கு. வாயால சொல்ல வைக்கக் கூடாதுன்னா கிரேயானால சொல்ல வைக்கிறது மட்டும் எப்படி சரியாகும்? உங்க முதல் நாளே அதுதானே?

இன்னொண்ணும் இருக்கு. வெளியிலேர்ந்து வர்றவங்களுக்கு அந்த ஊர்ல எதைத் தொட்டா வலிக்கும்னு தெரியாது. அதே 2001 குஜராத் நிலநடுக்கத்துல, கட்ச்ல இருக்குற அஞ்சார் ஊர்ல குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைங்க மேல குறுகலான தெருவுல கட்டடங்க சரிஞ்சு விழுந்துச்சு, நூத்துக்கும் மேல பிள்ளைங்க போயிட்டாங்க. அந்த ஊர்ல மிச்சம் இருந்த பிள்ளைங்ககிட்ட போய், எல்லா ஊர்லயும் பண்ற மாதிரி, தேசியக் கொடி வரைங்க, வரிசையா பாடிட்டு நடங்கன்னு சொன்னா என்ன ஆகும்? உங்க திட்டத்தைப் பொறுத்தவரை அது ரொம்ப சாதுவான பயிற்சி. உள்ளூர் டீச்சர் ஒருத்தர் பக்கத்துல இருந்திருந்தா ஒரே வார்த்தைல தடுத்திருப்பாங்க.

அந்த முகாம்ல எனக்கு நிஜமா கத்துக் குடுத்தது ஒரு பாட்டி. ரேஷன் வரிசைக்குப் பின்னாடி சாயங்காலம் வெயில் இறங்குற நேரத்துல சாக்கை விரிச்சு உக்காருவாங்க, கட்ச் பக்கத்து கண்ணாடித் தையல், குட்டிக் குட்டி வட்டக் கண்ணாடியைத் துணில வச்சு சுத்தித் தைக்கிறது. அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, ஊசில நூல் கோக்க பிள்ளைங்க வேணும். அதனால நாலஞ்சு பிள்ளைங்க எப்பவும் சுத்தி இருக்கும். ஒரு பையன், யார்கிட்டயும் பேசாம இருந்தவன், அவனும் வந்து உக்காந்து ஊசி ஊசியா கோத்து வரிசையா சாக்குல குத்தி வைப்பான். பாட்டி அவனை ஒரு கேள்வி கேட்டதில்ல. கொஞ்ச நாள் கழிச்சு அவன் பேசினான், என்ன பேசினான்னா, "இந்தக் கண்ணாடில கீறல் இருக்கு, வேற எடு." பாட்டி வாங்கிப் பாத்துட்டு ஆமான்னு தூக்கிப் போட்டாங்க. அவ்வளவுதான், யாரும் அழல, யாரும் கை தட்டல, அவன் அடுத்த ஊசியை எடுத்தான்.

அங்க என்னென்ன இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. அதே இடம், அதே நேரம், அதே ஆளு. செய்ய நிஜமாவே தேவைப்படுற ஒரு வேலை. பேசலாம், பேசாமலும் இருக்கலாம். ஐநா அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007ல ஒரு வழிகாட்டி போட்டாங்க, நீங்க படிச்சிருப்பீங்க, அதுல உதவியை நாலு அடுக்கா வச்சிருக்காங்க. அடியில சோறு, தண்ணி, கூரை, பாதுகாப்பு, அதுக்கு மேல குடும்பமும் ஊரும், அதுக்கு மேல பயிற்சி எடுத்தவங்க தர்ற உதவி, உச்சில டாக்டரும் மனநல நிபுணரும். பெரும்பாலானவங்க கீழ் ரெண்டு அடுக்குலயே மெல்ல எழுந்து நின்னுடுவாங்க. பாட்டி இருந்தது ரெண்டாவது அடுக்குல. நீங்க உங்களை மூணாவதுல வச்சிருக்கீங்க, ஆனா மூணே நாள்ல கிளம்பிடறீங்க. ஒரு பிள்ளை மூணாம் நாள் உங்க மடில சாயும், நாலாம் நாள் நீங்க இருக்க மாட்டீங்க, ஏற்கனவே திடீர்னு ஆளுங்க காணாமப் போறதைப் பாத்த பிள்ளை அது.

முதல் வாரம் முதல் வாரம்னு ஏன் பறக்கறீங்க? 1988 டிசம்பர்ல ஆர்மீனியால ஸ்பிடாக் நிலநடுக்கம், இருபத்தஞ்சாயிரம் பேர் வரை இறந்தாங்க. கியூம்ரி ஊர்ப் பள்ளிங்கள்ல பிள்ளைங்களுக்கு முறையான சிகிச்சை ஆரம்பிச்சது ஒன்றரை வருஷம் கழிச்சு. அப்போ ஆரம்பிச்சும் சிகிச்சை கிடைச்ச பிள்ளைங்க தேறி வந்தாங்க, கிடைக்காதவங்க அப்படித் தேறல. ஜீப் எல்லாம் போன அப்புறம், பேப்பர்ல செய்தி நின்ன அப்புறம், அப்பதான் போகணும், அப்பதான் ஆளே இருக்காது.

விளையாட்டு பத்தி நீங்க கேக்கல, ஆனா முகாம்ல முதல்ல கண்ணுல படப்போறது அதுதான். 2011 மார்ச் 11 சுனாமிக்கு அப்புறம் ஜப்பான்ல சின்னப் பிள்ளைங்க சுனாமி வருது சுனாமி வருதுன்னு கத்திக்கிட்டு விளையாடினாங்க, பெரியவங்களுக்குக் குலை நடுங்குச்சு. நிறுத்தாதீங்க, பக்கத்துல இருங்கன்னுதான் அங்க நிபுணர்கள் சொன்னாங்க. கவனிக்க வேண்டியது விளையாட்டு மாறுதாங்கிறதை. இன்னைக்கு எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க, நாளைக்கு ஒருத்தனைத் தூக்கிட்டு ஓடுறாங்க, அடுத்து கிரேன் வருதுன்னா அந்த விளையாட்டு வேலை செய்யுது. அமெரிக்கால 1976ல பஸ்ஸோட கடத்தப்பட்ட பிள்ளைங்களைப் பின்தொடர்ந்து பாத்த மனநல மருத்துவர் லெனோர் டெர், இதுக்கு நேர்மாறான ஒண்ணை எழுதியிருக்காங்க. சிரிப்பே இல்லாம, மாறாம, திரும்பத் திரும்ப வர்ற விளையாட்டு, ஆடி முடிச்சாலும் ஆறுதல் வராது. அதைப் பாத்தா நீங்க வைத்தியம் பாக்காதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட சேர்த்து விடுங்க. அந்த ஊர்ல யார்கிட்ட சேர்க்கிறதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே விசாரிச்சு வச்சுக்கோங்க.

பெரியவங்களுக்கு என்ன செய்யலாம்னா, அவங்க தொழிலைத் திருப்பிக் குடுங்க. கட்ச்ல தமட்கா ஊர்ல அஜ்ரக்ங்கிற துணி அச்சு வேலை செய்றவங்க நிலநடுக்கத்துக்கு அப்புறம் தண்ணி சாயத்துக்கு ஒத்து வராமப் போகவே, புஜ் பக்கத்துல இடம் வாங்கி அஜ்ரக்பூர்னு புது ஊரே கட்டினாங்க, அதைவிடப் பெரிய கலை முகாம் எது? நியூசிலாந்து கிரைஸ்ட்சர்ச்ல நிலநடுக்கத்துக்கு அப்புறம் இடிச்ச கட்டடம் இருந்த காலி மனைல 2012ல ஒரு நடன மேடை போட்டாங்க, பழைய லாண்டரி வாஷிங் மெஷின்ல ரெண்டு டாலர் காசு போட்டா ஸ்பீக்கர்ல உங்க பாட்டு ஓடும், யார் வேணா ஆடலாம். போட்டவங்க அந்த ஊர்க்காரங்களே. ஜப்பான்ல கோபே ஊர்ல 1995 நிலநடுக்கத்துக்கு அப்புறம் பிள்ளைங்க பாடின, இன்னைக்கும் ஜனவரி 17ல பாடுற பாட்டை எழுதினதும் அந்த ஊர்ப் பள்ளியோட பாட்டு வாத்தியார்தான்.

உங்களுக்கு மனசு இருக்கு தம்பி, அது கடிதத்துலயே தெரியுது, அதனாலதான் இவ்வளவு திட்டுறேன். திட்டத்தை இப்படி மாத்துங்க. பிள்ளைங்ககிட்ட நேரா போகாதீங்க, அந்த ஊர் டீச்சருங்க, அங்கன்வாடி மாதிரி இடத்துல இருக்குறவங்க, கோயில்ல பாடுறவங்க, அவங்ககிட்ட போங்க. அவங்களும் வீட்டை இழந்தவங்க, அவங்க தூங்க ஒரு டென்ட்டும், ஒரு வருஷச் சம்பளமும், மாசா மாசம் பேப்பரும் களிமண்ணும் கிடைக்க வழி பண்ணுங்க. தலைப்பு குடுக்காதீங்க. மூணாம் நாள் நம்பிக்கையை அடிச்சிடுங்க, செத்த தங்கச்சியைப் பத்தி நினைச்சிட்டு இருக்குற பிள்ளையை வானவில் வரைய வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. மாத்தி எழுதினதும் அனுப்புங்க, வரி வரியா படிச்சு சொல்றேன். கண்காட்சி அதுல இருந்தா அனுப்பாதீங்க.