ஓவியம் படிக்க விரும்பும் மகளுக்காக: பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. கலைத் திருவிழாவில் ஓவியத்துக்கு மாவட்ட அளவில் பரிசு வாங்கியிருக்கிறாள். ஓவியக் கல்லூரிக்குத்தான் போவேன் என்கிறாள். அவளுடைய அப்பா இன்ஜினீயரிங் என்கிறார். சொந்தக்காரர்கள் "படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். பதினொன்றில் எந்த குரூப் எடுப்பது, எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவாகும், பிறகு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டங்களில் இருக்கும் பிள்ளைகள் கலை, வடிவமைப்புப் படிப்புகளைத் தவறவிடுவது பெரும்பாலும் திறமை இல்லாமல் அல்ல, தேதி தெரியாமல்தான்.

பொறியியல் கவுன்சலிங் போல, எல்லாம் ரிசல்ட் வந்த பிறகு மே மாதத்தில் தொடங்கும் என்று வீடுகளில் நினைக்கிறார்கள். தேசிய அளவிலான வடிவமைப்பு நிறுவனங்களுக்கு அப்படி இல்லை. 1961-இல் அகமதாபாதில் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம், அதாவது என்.ஐ.டி., நடத்தும் 'டாட்' தேர்வு, ஐ.ஐ.டி.களில் வடிவமைப்புப் பட்டம் படிப்பதற்கான 'யூசீட்', சென்னை தரமணியிலும் வளாகம் வைத்திருக்கும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட்டின் நுழைவுத் தேர்வு, இந்த மூன்றிலும் முதல் கட்டத் தேர்வு பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே, டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். விண்ணப்பிக்கும் காலம் அதற்கும் முன்னால், பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வாக்கில். காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் நேரத்தில் வாசல் திறந்து, அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் பெரும்பாலும் மூடிவிடுகிறது. ரிசல்ட் வந்ததும் என்னைத் தேடி வருகிற பெற்றோரிடம் "அடுத்த வருஷம்தான்" என்று சொல்ல வேண்டியிருப்பது எனக்கு ஒவ்வொரு ஆண்டும் மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. உங்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. அதனால்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாடு அரசின் கவின்கலைக் கல்லூரிகளுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே சேர்க்கை பிளஸ் டூ முடிவுகளுக்குப் பிறகு நடக்கும். மதிப்பெண் போதாது, நேரில் உட்கார்ந்து வரையும் செயல்முறைத் தேர்வும் உண்டு. சென்னை எழும்பூர் அருகே இருக்கும் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியில்தான் 1966-இல் சோழமண்டலம் கலைஞர்கள் கிராமம் உருவானது. ஓவியம், சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு, சுடுமண் கலை, துணி வடிவமைப்பு, அச்சுக்கலை என்று அங்கே துறைகள் இருக்கின்றன. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் கல், உலோகம், மரம் ஆகியவற்றில் சிற்பமும் மரபு ஓவியமும் பட்டப்படிப்பாகவே சொல்லித் தருகிறார்கள். கோயில் கட்டுமானமும் திருப்பணியும் நடக்கும் இடங்களில், வெளிநாடுகளில்கூட, அங்கே படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. அனிமேஷனில் ஆர்வம் வந்தால் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இயக்கம் ஆகியவற்றோடு அனிமேஷனும் அங்கே நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. இவையெல்லாம் அரசு நிறுவனங்கள். கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கும் அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும் எட்டக்கூடியது.

என்.ஐ.டி., நிஃப்ட் செலவு அப்படி இல்லை. நான்கு ஆண்டுக்குப் பல லட்சம் ஆகும். அந்தத் தொகையைப் பார்த்ததும் பயந்து விண்ணப்பமே போடாமல் விட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி. போன்ற முதன்மையான உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெறும் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்கும் திட்டம் தமிழ்நாடு அரசிடம் இருக்கிறது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேட்கலாம். பள்ளியில், உயர்கல்விக்கு வழிகாட்டும் 'நான் முதல்வன்' திட்டத்தின் பொறுப்பாசிரியர் ஒருவர் இருப்பார். அவரிடம் "என் மகளுக்கு நிஃப்ட், என்.ஐ.டி., யூசீட் தேர்வுகளில் ஆர்வம்" என்று இப்போதே பெயரைப் பதிந்துவையுங்கள். மருத்துவம், பொறியியல் என்றால் அவர்களே பிள்ளைகளைத் தேடுவார்கள். ஓவியத்துக்கு நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

சரி, குரூப். யூசீட், என்.ஐ.டி., நிஃப்ட்டின் வடிவமைப்புப் படிப்புகள் இவற்றுக்கெல்லாம் எந்த குரூப் படித்தவர்களும் போகலாம். கட்டடக்கலை, அதாவது பி.ஆர்க்., படிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இயற்பியலும் கணிதமும் வேண்டும். கணிதம் அவளுக்குச் சுமையில்லை என்றால் கணிதமும் கணினி அறிவியலும் உள்ள குரூப்பை எடுக்கலாம். அப்பாவின் மனமும் சமாதானமாகும், ஒரு கதவும் திறந்தே இருக்கும். கணிதம் என்றாலே அழுகிற பிள்ளை என்றால் வணிகவியலோ கலைப் பிரிவோ எடுக்கட்டும். வரைவதற்குத் தினமும் ஒரு மணி நேரம் மிச்சம் வைக்கிற குரூப்தான் அவளுக்கு நல்ல குரூப். சயின்ஸ் குரூப் எடுத்து, டியூஷனுக்கு மேல் டியூஷன் போய், இரண்டு ஆண்டு பென்சிலைத் தொடாமலே இருந்துவிட்டு நுழைவுத் தேர்வு அறையில் போய் உட்காரும் பிள்ளைகளின் நிலைமையை நான் பார்த்திருக்கிறேன். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம், அவள் என்ன வரைகிறாள் என்பது. நீங்கள் அனுப்பிய படங்களில் பெரும்பாலானவை நடிகர்களின் முகங்கள், புகைப்படத்தைப் பார்த்துப் பென்சிலில் வரைந்தவை. நிழல் போடுவதில் அவளுக்குப் பொறுமையும் கைப்பழக்கமும் இருப்பது நன்றாகத் தெரிகிறது. ஆனால் நுழைவுத் தேர்வில் புகைப்படம் கொடுக்க மாட்டார்கள். நினைவிலிருந்தும் கற்பனையிலிருந்தும் வரையச் சொல்வார்கள். வாரச்சந்தையில் பேரம் பேசும் இருவர், பேருந்துக்குள் மேலிருந்து பார்த்தால் தெரியும் கூட்டம், மழையில் ஒரு டீக்கடை, இந்த மாதிரியான காட்சிகளை எண்ணிக்கொள்ளுங்கள். மனித உருவம் குனிவது, தூக்குவது, உட்கார்வது எல்லாம் அவள் கைக்கு வர வேண்டும். தூரத்தில் இருப்பது சிறிதாகவும் அருகில் இருப்பது பெரிதாகவும் எந்தக் கணக்கில் மாறுகிறது என்று தெரிய வேண்டும். இரண்டாம் கட்டத்தில் நிஃப்ட்டில் சில பொருள்களைக் கொடுத்து ஒரு மாதிரி செய்யச் சொல்வார்கள்; என்.ஐ.டி.யிலும் கையால் செய்து காட்டும் சோதனைகள் உண்டு. அட்டை, கம்பி, களிமண், பழைய துணி இவற்றோடு விளையாடிப் பழகியவர்களுக்கு அது பயமாக இருக்காது.

அதனால் இன்றைக்கே கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். விலை உயர்ந்த வண்ணங்கள் எதுவும் இப்போது வேண்டாம். தினமும் கண்ணெதிரே இருக்கும் ஒன்றை வரையட்டும்: அடுப்பங்கரை, கோவில்பட்டிப் பேருந்து நிலையம், கடலைமிட்டாய் போடுகிறவர்களின் கைகள், தூங்கும் தாத்தா. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடச் சொல்லுங்கள். நன்றாக வராததைக் கிழிக்கக் கூடாது. நேர்காணல் வைக்கும் இடங்களில் இந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்ப்பவர்கள் அழகை மட்டும் பார்ப்பதில்லை. பிள்ளை எப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள் என்பதையும் பார்க்கிறார்கள். இன்னொன்று, யூசீட் வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்வழியில் படிக்கிற பிள்ளை என்பதால் தினமும் ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியையாவது படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கத்தை இப்போதே ஆரம்பிக்கட்டும். இதைத் தள்ளிப்போட்டால் கடைசி மூன்று மாதத்தில் பிடிக்க முடியாது.

பள்ளியிலேயே இருக்கிற வாய்ப்புகளையும் விடாதீர்கள். 2022-இல் கலைத் திருவிழா தொடங்கிய பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடை கிடைத்திருக்கிறது. அடுத்த ஆண்டும் அவள் கலந்துகொள்ளட்டும், ஆனால் பரிசுக்காக ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பழக வேண்டாம். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு மத்திய அரசின் 'கலா உத்சவ்' கலைப் போட்டி 2015 முதல் நடக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் இரண்டு நிலைகளில் உண்டு. கைப்பயிற்சிக்கு அது நல்லது, எழுதட்டும். ஆனால் அதை வைத்து ஓவிய ஆசிரியர் வேலை வந்துவிடும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். நிரந்தரப் பணியிடங்கள் அபூர்வமாகத்தான் நிரப்பப்படுகின்றன. ஓவியம் போன்ற பாடங்களுக்கு 2012-இல் பகுதிநேரமாகச் சேர்ந்த சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்திலேயே எத்தனையோ ஆண்டுகள் போராடியது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கடிதத்தின் கடைசியில், பதினொரு வயது மகன் பக்கத்துத் தெருப் பெரியவரிடம் தவில் பழகுகிறான் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அம்மா, அவனுக்குத்தான் உடனே செய்ய வேண்டியது இருக்கிறது. மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம், சி.சி.ஆர்.டி., 10 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத் திறனறிந்து உதவித்தொகை தருகிறது. இசை, நடனம், ஓவியம், கைவினை எல்லாம் அதில் அடக்கம். ஆண்டுக்கு ஒரு தொகையும் குருவுக்கான கட்டணமும் கிடைக்கும். பயிற்சியைத் தொடர்ந்தால் 20 வயது வரைகூட நீளும். வயது தாண்டினால் தாண்டியதுதான், உங்கள் மகளுக்கு அது இனி இல்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை மூன்று ஆண்டுப் படிப்பாக, மிகக் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன. 12 வயது ஆனதும் சேரலாம். பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுப் போக வேண்டாம், இரண்டையும் சேர்த்து எப்படி நடத்துவது என்று அங்கேயே கேளுங்கள். 16 வயது வரை உள்ளவர்களுக்கு ஜவகர் சிறுவர் மன்றத்தின் வார இறுதி வகுப்புகளும் உண்டு.

இனி சோறு பற்றிய கேள்வி. அது நியாயமான கேள்விதான், கேட்பவர்கள் மேல் கோபம் வேண்டாம். ஓவியம் வரைந்து கண்காட்சியில் விற்று மட்டுமே குடும்பம் நடத்துபவர்கள் குறைவு. ஓவியக் கண்ணும் வரையும் கையும் வேண்டியிருக்கிற வேலைகள் அதைவிடப் பல மடங்கு அதிகம். திருப்பூரில் பனியன் துணியில் அச்சாகும் ஒவ்வொரு டிசைனையும் யாரோ உருவாக்குகிறார்கள். கரூரின் திரைச்சீலைகளுக்கும் மேஜை விரிப்புகளுக்கும் அப்படித்தான். கைபேசிச் செயலியில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலைக்கு மென்பொருள் நிறுவனங்கள் நல்ல சம்பளம் தருகின்றன. பாடநூல் படங்கள், விளம்பரம், அனிமேஷன், விளையாட்டுச் செயலிகள், அருங்காட்சியகம், நகை வடிவமைப்பு என்று பட்டியல் நீளும்.

உங்கள் ஊருக்கே இதில் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. காலண்டர் சாமி படங்களால் தென்னிந்தியா முழுவதும் வீடுகளுக்குள் நுழைந்த கொண்டைய ராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டுக் கோவில்பட்டியில் தங்கி வேலை செய்தவர். எழும்பூர்க் கல்லூரியின் அந்நாள் வடிவம்தான் அந்தப் பள்ளி. அவருடைய ஓவியங்கள் சிவகாசியில் அச்சாயின. அவரிடம் பழகிய சீடர்களும் அதே தொழிலில் வாழ்ந்தார்கள். சிவகாசி அச்சகங்கள் இன்றும் காலண்டர், நோட்டு அட்டை, பெட்டி, லேபிள் என்று அச்சிட்டுக்கொண்டிருக்கின்றன; வடிவமைப்பாளர்களும் அங்கே வேலை செய்கிறார்கள்.

கணினியே படம் வரைந்து தருகிறதே என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு படத்தைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று போட்டுத் தருகிற வேலைகள் குறையும். இதை நான் மறைக்கப் போவதில்லை. அதனால்தான் புகைப்படத்தைப் பார்த்து நகலெடுப்பதிலேயே அவள் நின்றுவிடக் கூடாது என்கிறேன். எதை வரைய வேண்டும், யாருக்காக, ஏன் இந்த வடிவம் என்று யோசிக்கிறவர்கள் தேவைப்படுவார்கள். நுழைவுத் தேர்வுகளும் அந்த யோசனையைத்தான் சோதிக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. "அனிமேஷன் டிப்ளமோ, நூறு சதவீத வேலை" என்று விளம்பரம் செய்கிற தனியார் நிலையங்கள் பக்கத்து நகரங்களில் நிறைய வந்துவிட்டன. நல்லதும் உண்டு. ஆனால் போன முதல் நாளே முன்பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தருவது பட்டமா சான்றிதழா, எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது, போன வருஷம் முடித்த மூன்று பேரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். இதற்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில் லட்சக்கணக்கில் கட்ட வேண்டாம்.

அவளுடைய அப்பாவிடம் விவாதம் செய்து ஜெயிக்க முயல வேண்டாம். மகளின் வாழ்க்கை கஷ்டப்பட்டுவிடக் கூடாது என்ற பயத்தில்தான் அவர் பேசுகிறார். கோடை விடுமுறையில் ஒருநாள், அறிமுகமான யாராவது மூலம் அனுமதி கேட்டுவிட்டு, அவரையும் மகளையும் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் வடிவமைப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். அங்கே இருப்பவர்களிடம் என்ன படித்தார்கள், எவ்வளவு சம்பளம், என்ன தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள் என்று அவரே கேட்கட்டும். பிறகு ஒரு முறை, கல்லூரி நடக்கும் நாளாகப் பார்த்து, சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ குடும்பமாகப் போய் வாருங்கள். விடுதி வசதி, பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு, கட்டணம் எல்லாவற்றையும் அலுவலகத்தில் நேரிலேயே விசாரியுங்கள். அப்பாவுக்கு இருக்கும் பாதிக் கவலை அங்கேதான் தீரும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் அவளுடைய நோட்டில் நன்றாக வராத படங்களையும் சேர்த்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் எந்தத் தேர்வுக்கு முதலிடம் கொடுப்பது என்று முடிவு செய்யலாம்.