கேட்டதும் சொன்னதும்: உண்ணிக்கு அசையாத தேன்பெட்டி

என்னிடம் இருபது இத்தாலியத் தேனீப் பெட்டிகள் உள்ளன. அதில் ஒன்றில் மட்டும் இரண்டு வருடமாக உண்ணித் தொல்லையே இல்லை. அதன் ராணியிலிருந்தே மற்ற பெட்டிகளுக்கும் ராணி எடுக்கலாமா?
- வாசகர், வாடிப்பட்டி

எடுக்கலாம், ஆனால் "தொல்லை இல்லை" என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு உண்ணி தெரிகிற நேரத்தில் பெட்டி பாதி கெட்டிருக்கும். வரோவா என்னும் இந்தத் தேனீ உண்ணிகளில் பெரும்பகுதி மூடிய புழு அறைக்குள்தான் இருக்கும்.

புழு அடையுள்ள சட்டத்திலிருந்து அரை டம்ளர் தேனீயை, அதாவது ஏறக்குறைய 300 தேனீயை, வாயகன்ற ஜாடியில் உதறிக்கொள்ளுங்கள். ராணி அந்தச் சட்டத்தில் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு உதறுங்கள். 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையை ஜாடிக்கு மூடியாகப் போட்டு, மிக்ஸியில் அரைத்துச் சலித்த சர்க்கரைத் தூள் இரண்டு மேசைக் கரண்டி தூவுங்கள். மெல்ல உருட்டிவிட்டு இரண்டு நிமிடம் நிழலில் வையுங்கள். பிறகு ஜாடியைக் கவிழ்த்து, வெள்ளைத் தட்டின் மேல் ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். தட்டில் தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரைந்து, செம்பழுப்பு நிறத்தில் குட்டி நண்டு போல அகலவாட்டில் உண்ணி தெரியும். விழுந்ததை 3-ஆல் வகுத்தால் நூறு தேனீக்கு எத்தனை என்று வரும். ஐப்பசி மழை ஈரத்தில் இதைச் செய்யாதீர்கள். தூள் கட்டிபிடித்து உண்ணியை உதிர்க்காது, கணக்குக் குறைவாக வந்து ஏமாற்றிவிடும்.

இருபது பெட்டியையும் ஒரே வாரத்தில் எண்ணி, மாதம் ஒரு முறை என்று மூன்று மாதம் குறித்து வையுங்கள். எண்ணிக்கை ஏறாத பெட்டிகளுக்கு மட்டும் அடுத்த சோதனை.

அது சுத்தக் குணச் சோதனை. நோயுற்ற கூட்டுப்புழுவை மோப்பம் பிடித்து, மூடியைப் பிய்த்து வெளியே இழுத்துப் போடும் தேனீக்கள் உண்டு. அம்மா உண்ணி அறைக்குள் நுழைந்து, மூடி போட்ட இரண்டரை மூன்று நாளில்தான் முதல் முட்டை இடும். தேனீக்கள் அதற்குப் பிறகு அறையைப் பிரித்துவிட்டால் குஞ்சுகள் முதிராமல் அழியும். அம்மா தப்பினாலும் வம்சம் வளராது. இதை அளக்க, மூடிய புழு அடையில் 5க்கு 6 சென்டிமீட்டர் துண்டு வெட்டுங்கள். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 120 அறை இருக்கும். ஃப்ரீசரில் 24 மணி நேரம் வைத்து, எடுத்து அரை மணி ஆறவிட்டு, காலி அறைகளை எண்ணிக் கழித்துவிட்டு, சோதிக்கும் பெட்டியின் புழு அடை நடுவே அதே அளவு ஓட்டையில் பல்குச்சி குத்திப் பொருத்துங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். செத்த புழுவில் நூற்றுக்கு 95-க்கு மேல் சுத்தமாக அகற்றியிருந்தால் தேறியது. ஒரு வாரம் விட்டு இன்னொரு முறையும் தேற வேண்டும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. பூ வரத்து இல்லாத காலத்தில் நல்ல பெட்டியும் சோம்பும். ஆள்பலம் குறைந்த பெட்டியைப் பலமான பெட்டியோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள்: ராணி மாற்றி எட்டு வாரம் ஆகாத பெட்டியில் வேலை செய்பவை பழைய ராணியின் பிள்ளைகள். அந்தப் பெட்டியின் மதிப்பெண் யாருடையது?

இனி உங்கள் கேள்விக்கு நேர் பதில். ஒரே தாயிடமிருந்து இருபது ராணியும் எடுக்காதீர்கள். அவை அனைத்தும் அக்கா தங்கை. உறவுக்குள் கலந்தால் கருவுற்ற முட்டையிலேயே ஆண் உருவாகி, அதைத் தேனீக்கள் தின்றுவிடும். அடை ஓட்டை ஓட்டையாகத் தெரியும். நீங்கள் "ஆகா, சுத்தம் செய்கிறது" என்று மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள். தேறிய பெட்டிகளில் நான்கைந்தையாவது தாயாக வையுங்கள்.

ஆண் பக்கத்தையும் கவனியுங்கள். ராணி பத்துப் பதினைந்து ஆண்களோடு வானில் கலக்கிறது. பக்கத்துத் தென்னந்தோப்பின் ஆண்களும் அதில் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த குணத்தில் பாதி அங்கே போய்விடும். அதனால் நல்ல பெட்டிகளில் ஆண் அடை கட்டவிடுங்கள். ஆண் முட்டையிலிருந்து வெளிவர 24 நாள், முதிர இன்னும் 12 நாள் ஆகும். ராணி வளர்க்க இளம் புழுவை ராணி அறைக்கு மாற்றினால் (இதுதான் புழு மாற்றுதல்) 12-ஆம் நாள் ராணி வெளிவரும், அடுத்த வாரம் பறக்கும். எனவே புழு மாற்றுவதற்கு மூன்று வாரம் முன்பே ஆண் அடை முட்டையோடு இருக்க வேண்டும். தேறாத பெட்டிகளில் ஆண் அடையை மூடியதும் அறுத்து எறியுங்கள். வரோவாவுக்கு ஆண் அறைதான் மிகப் பிடித்த இடம் என்பதால் வேண்டாத ஆணோடு உண்ணியும் போகும். மிஞ்சுகிற ராணிகளைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சும்மாவே கொடுங்கள். அடுத்த வருடம் அவருடைய ஆண்களும் உங்களுக்கு உதவும்.

புழு மாற்றும் வேலையைச் சித்திரை வெயிலில் வைத்துக்கொள்ள வேண்டாம். பொரித்து ஒரு நாளுக்குள் உள்ள புழு கால்புள்ளி அளவுதான். நிழலில் ஈரத்துணி மூடாமல் வேலை செய்தால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

தாங்கும் இனம்தான் வேண்டும் என்றால் மருந்தே போடாமல் விட்டுவிடலாமே? சாவது சாகட்டும், மிஞ்சுவது வலுவானதுதானே?
- வாசகர், அலங்காநல்லூர்

நூற்றுக்கணக்கில் பெட்டி வைத்திருந்தால் யோசிக்கலாம். பத்துப் பெட்டிக்காரர் இப்படிச் செய்தால் மிஞ்சுவது காலிப் பெட்டிதான். சாகும் பெட்டியின் தேனைக் கொள்ளையடிக்க வரும் மற்ற தேனீக்கள் உண்ணியையும் சுமந்து வீடு திரும்பும். உங்கள் நல்ல பெட்டியும் கெடும், அண்டை வீட்டாரும் திட்டுவார். நூறு தேனீக்கு 3 உண்ணி தாண்டினால் சிகிச்சை செய்யுங்கள், அந்த ராணியைத் தாய்ப்பட்டியலிலிருந்து அடியுங்கள், பிறகு மாற்றுங்கள். உண்ணி மருந்தான ஃபார்மிக் அமிலத்தை நம் ஊர்க் கோடையில் வைக்கவே வேண்டாம். ஆவி ஒரேயடியாகக் கிளம்பி ராணியும் புழுவும் சாகும்.

சர்க்கரைச் சோதனையில் ஒன்றுமே விழவில்லை. ஆனால் மூடிகள் ஓட்டையாக, சிறகு கோணிய தேனீக்கள் பெட்டி வாசலில் ஊர்கின்றன. தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் மலைத்தேனீ கட்டியிருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
- வாசகர், மேலூர்

உண்டு. இது பெரும்பாலும் வரோவா அல்ல, டிரோபிலேலாப்ஸ் என்ற வேறு உண்ணி. மலைத்தேனீயே அதன் பூர்வீக வீடு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளவாட்டு உருவம், அடையின் மேல் விறுவிறுவென ஓடும். வளர்ந்த தேனீயை அதனால் கடித்து உண்ண முடியாது. அதனால்தான் ஜாடியில் விழவில்லை. தேனீயை உதறிய பிறகு, மூடிய புழுச் சட்டத்தை வெள்ளைத் தட்டின் விளிம்பில் இரண்டு முறை ஓங்கித் தட்டுங்கள், ஓடுவதைப் பார்ப்பீர்கள்.

உண்ணும் வழி புழு மட்டும்தான் என்பதால் அதன் பலவீனமும் அங்கேதான். ராணியைக் கூண்டில் 24 நாள் அடைத்து, ஆண் அடையை அறுத்துவிட்டால் பெட்டியில் புழுவே இல்லாத நாட்கள் வரும். அதற்குச் சில நாள் பட்டினியே போதும். அந்த நாட்களில் சர்க்கரைப் பாகு கொடுங்கள், வாசலைச் சுருக்குங்கள். மலைத்தேனீ இருக்கும்வரை திரும்ப வரும் என்பதால் மாதந்தோறும் தட்டிப் பாருங்கள்.

சிறுமலை அடிவாரத்தில் அடுக்குத் தேனீ வைத்திருக்கிறேன். எனக்கும் இந்தத் தேர்வு வேலை தேவையா?
- வாசகர், நத்தம்

உண்ணிக்காகத் தேவையில்லை. வரோவாவோடு பழகி வந்த இனம் இது. பணித்தேனீ அறையில் உண்ணி பெரும்பாலும் பெருகாது, ஆண் அறையில் மட்டும் பெருகும். நிறைய உண்ணி ஏறிய ஆண் கூட்டுப்புழு தடித்த மூடியைத் திறக்க முடியாமல் அறைக்குள்ளேயே செத்து, உண்ணியும் கூடவே அடைபட்டுப் போகும். உடம்பில் ஏறியதைத் தோழித் தேனீக்கள் கடித்துத் தள்ளும். உங்கள் கவலை புழுக்களைத் தாக்கும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ். 1991-92-இல் தென்னாட்டு அடுக்குத் தேனீயை வாரிக்கொண்டு போனது அதுதான். புழு, தலை தூக்கியபடி தண்ணீர்ப் பை போல் செத்துக் கிடந்தால் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்ணி மருந்து அதற்கு ஒன்றும் செய்யாது. நோய் வந்தும் தேறிய பெட்டியிலிருந்து மட்டும் பிரித்துப் பெருக்குங்கள்.